பாலம் தாண்டிய டோக்கன் ஏன் மலிவாகிறது?

ஒரு பிளாக்செயினில் உள்ள டோக்கன் இன்னொன்றுக்கு அப்படியே போவதில்லை. கப்பலூர் தொழிற்பேட்டைக் கிடங்கில் சரக்கைப் பூட்டிவிட்டு ரசீதை மதுரையில் விற்பது போல, அசல் ‘பாலத்தில்’ பூட்டப்படும். மறுபக்கம் நகல் உருவாகும்.

இந்த நகலை விற்கும்போது திரையில் தெரியும் விலையை மட்டும் நம்பாதீர்கள். நகலும் அதற்கு மாற்றாகத் தரும் டோக்கனும் சேர்ந்த இருப்புதான் பரிமாற்றக் குளம்; அதன் ஆழமே முக்கியம். இரு பக்கமும் 1,00,000 டாலர் உள்ள குளத்தில் 10,000 டாலர் மதிப்பு நகலை விற்றால், இரு இருப்புகளின் பெருக்கற்பலன் மாறாத சூத்திரப்படி, கட்டணம் போகும் முன்பே சுமார் 9,091 டாலர்தான் வரும். குளம் நூறு மடங்கு பெரிதானால் 9,990.

பூட்டிய அசல் பத்திரமா என்பதும் விலையைத் தீர்மானிக்கும். 2022 பிப்ரவரியில் வோர்ம்ஹோல் பாலத்தில் 1,20,000 ஈதர் நகல்கள் ஈடின்றி உருவாக்கப்பட்டன. 2023 ஜூலையில் மல்ட்டிசெயின் பாலம் முடங்கியது. அதன் வழியே ஃபேண்டம் பிளாக்செயினுக்கு வந்திருந்த, டாலர் மதிப்பைப் பின்பற்றும் யுஎஸ்டிசி டோக்கனின் நகல் விலை சரிந்தது, அசல் யுஎஸ்டிசி ஒரு டாலர் அளவிலேயே நின்றது.