மலைதான் கண்மாய்க்குத் தாய்: அரிட்டாபட்டி என்னும் ஊர்



போன இதழில் வங்கி இணைப்பு, அதற்கு முந்தின இதழில் கறவை மாட்டுக் கடன் என்று எழுதியிருந்தோம். இந்த மாதம் ஒரு ஊரைப் பற்றி எழுதுகிறோம். "ஊரைப் பத்தி நமக்கு எதுக்கு, கடனைப் பத்தி எழுதுங்க" என்று சிலர் சொல்லலாம். ஆட்டுக்கடன் வாங்கினால் ஆடு தண்ணி குடிக்க வேண்டும், புல் மேய வேண்டும். கண்மாய் வறண்டால் ஆட்டை விற்றுத்தான் தவணை கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அரிட்டாபட்டியைவிட நல்ல பாடம் கிடையாது.

மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் ஏழு குன்றுகள். கழிஞ்சமலை என்பது அதில் பேர்பெற்ற ஒன்று. மரம் அடர்ந்த மலை என்று நினைத்துவிடாதீர்கள். யானை படுத்திருப்பது போல மொழுமொழுவென்று கிடக்கும் மொட்டைப் பாறைகள். "மொட்டைப் பாறையில் என்ன இருக்கு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த ஊர் உயிர் பிழைத்ததே மொட்டைப் பாறையால்தான்.

எப்படி என்று பாருங்கள். மண் தரையில் மழை பெய்தால் பாதி உறிஞ்சிவிடும். பாறை உறிஞ்சாது. வீட்டுக் கூரையில் விழுந்த மழை தாழ்வாரத்தில் கொட்டுகிற மாதிரி, பாறையில் விழுந்த மழை அப்படியே வழிந்து அடிவாரத்துக்கு வரும். வழியில் பள்ளம் இருந்தால் அங்கே தங்கிச் சுனையாகும். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கி, கீழே ஏதோ ஒரு இடத்தில் ஊற்றாகக் கசியும். மிச்சம் ஓடையாகிக் கண்மாயில் சேரும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தப் பகுதியில் 72 ஏரி, கண்மாய்களும், 200 சுனை, ஊற்றுகளும், 3 தடுப்பணைகளும் இருப்பதாக அரசுக் குறிப்பு சொல்கிறது. அதில் ஆனைகொண்டான் கண்மாய் பல நூற்றாண்டுப் பழமையானது.

நம்மில் பலர் நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்டியிருக்கிறோம். வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே வரத்துக்காலின் தலைமாடு அந்தப் பாறைதான். பாறையை அறுத்து எடுத்துவிட்டால் கண்மாய் வெறும் பள்ளம்.

குகையில் குடியிருந்தவர்கள்

தண்ணி இருக்கும் இடத்தைத்தான் மனுசர் தேடி வருவார்கள். 2,200 வருசத்துக்கு முன்னாலேயே இந்தப் பாறைகளைத் தேடி வந்தவர்கள் சமணத் துறவிகள். பாறை இயற்கையாகவே முன்பக்கம் நீட்டிக்கொண்டு, கீழே நிழலும் இடமுமாக இருக்கும். இதைத்தான் குகை, முழை, புடவு என்று பல பேரில் சொல்கிறோம். சுண்ணாம்புப் பாறையில் இருட்டுக்குள் மைல் கணக்கில் போகும் குகை வேறு. மதுரைப் பக்கத்துக் குகை நம் வீட்டுத் திண்ணை மாதிரி, வெளிச்சமும் காத்தும் உண்டு. மழைக்காலத்தில் துறவிகள் ஊர் ஊராக நடக்கக் கூடாது என்பது சமணர்களின் விதி. அந்த நாலு மாதம் தங்க ஒரு இடம் வேண்டும். அதற்குப் பாறைத் திண்ணையே போதும்.

ஆனால் மழைத்தண்ணி பாறை நெற்றியில் வழிந்து உள்ளேயும் வருமே? அதற்கு ஒரு வேலை செய்தார்கள். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டினார்கள். வழிந்து வரும் தண்ணி அந்த விளிம்போடு நின்று, வெளியே சொட்டிவிடும். உள்ளே காய்ந்த தரை. சிமெண்டும் இல்லை, தகரமும் இல்லை. இன்றைக்கு நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வைத்து, அதன் அடியில் கொத்தனார் ஒரு கோடு இழுப்பாரே, அதே வேலைதான்.

இந்தக் காடி வெட்டிக் கொடுத்தவர்கள் பேரைப் பாறையிலேயே எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துக்குத் தமிழி அல்லது தமிழ்-பிராமி என்று பேர். கழிஞ்சமலையில் இப்படி இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 1971-லும் இன்னொன்று 2003-லும் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்றில் கொடுத்தவர் ஊர் நெல்வேலி, இன்னொன்றில் இலஞ்சி என்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து இங்கே துறவிகளுக்குத் தங்குமிடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பேர் எழுதுகிறோம் இல்லையா, அந்த வழக்கம் அவ்வளவு பழையது! வித்தியாசம் ஒன்றுதான். அந்தக் காலத்தில் வெளிச்சத்தை மறைக்காமல் எழுதினார்கள்.

பக்கத்திலேயே மீனாட்சிபுரம் மலை. மாங்குளம் கல்வெட்டு என்று புத்தகங்களில் வருவது இங்கே இருப்பதுதான். தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. பாண்டியன் நெடுஞ்செழியன் பேர் இதில் இருக்கிறது. நமக்கு அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் உண்டு. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார் சேர்ந்து கொடுத்தது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. நிகமம் என்றால் வியாபாரிகளின் சங்கம். ஒற்றை ஆளால் முடியாததை ஒரு சங்கமாகச் சேர்ந்து செய்து, சங்கத்தின் பேரிலேயே பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் தீர்மான நோட்டில் எழுதுகிறோமே, அதே காரியம். அவர்கள் நோட்டு இன்னும் அழியவில்லை.

அழகர்மலைக் குகையில் உப்பு வியாபாரி, துணி வியாபாரி, ஏர்க்கொழு வியாபாரி என்று சந்தைக்காரர்கள் பேராகவே இருக்கிறது. அங்கே ஒரு பெண் துறவியின் பேரும் உண்டு. ராஜாக்கள் மட்டும்தான் சரித்திரத்தில் இருப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டோம். மதுரைப் பக்கத்துப் பாறைகள் அப்படிச் சொல்லவில்லை.

"இதை ஊரார் காக்க வேண்டும்"

அப்புறம் ஆயிரம் வருசம் கழித்து, 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில், கழிஞ்சமலைக் குகைக்கு மேலே பாறையில் ஒரு தீர்த்தங்கரர் உருவம் செதுக்கினார்கள். அதன் கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. மலையின் அன்றைய பேர் திருப்பிணையன் மலை. பொற்கோட்டுக் கரணத்தார், அதாவது கணக்கர்கள், அவர்கள் பேரால் அச்சணந்தி என்ற முனிவர் செய்வித்த உருவம் இது. பாதிரிக்குடி ஊராரின் பாதுகாப்பில் இருப்பது. செய்தி அவ்வளவுதான்.

கடைசி வரியைக் கவனியுங்கள். செய்தவர் ஒருவர், யார் பேரால் என்பது வேறொருவர், காப்பது ஊர். பணம் கொடுத்தவர்கள் போய்விடுவார்கள், செதுக்கிய முனிவரும் அடுத்த மலைக்குப் போய்விடுவார். பக்கத்தில் இருக்கும் ஊர்தான் நிரந்தரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த அச்சணந்தி முனிவர் மதுரைச் சுற்று வட்டாரத்தில் பல மலைகளில் இப்படிச் செய்திருக்கிறார். கீழக்குயில்குடி சமணர் மலையில் அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த உருவமும் இருக்கிறது. முனிவருக்கு அம்மா இருந்தார், அவருக்கு ஒரு பேரும் இருந்தது, அது கல்லிலும் ஏறியது!

அதே கழிஞ்சமலையின் இன்னொரு பக்கம் ஒரு சிவன் கோயில். கட்டிய கோயில் இல்லை, பாறையைக் குடைந்து எடுத்தது. 7, 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலத்து வேலை. உள்ளே லிங்கம் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது. வாசல் பக்கம் கையில் தடியோடு லகுலீசர் என்ற சிவ வடிவம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் இதைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் இந்தக் கோயிலை இடைச்சி மண்டபம் என்பார்கள். ஒரே மலையில் ஒரு பக்கம் சமணம், ஒரு பக்கம் சைவம். இரண்டு பேருக்கும் மலை இடம் கொடுத்தது.

பாறைக்கு விலை வந்த காலம்

இத்தனை நாளும் பாறை பாறையாகவே இருந்தது. கிரானைட்டுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும் மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் காணாமல் போக ஆரம்பித்தன. பல இடங்களில் மலை இருந்த இடத்தில் ஆழமான குழிதான் மிச்சம். 2012-ல் கிரானைட் முறைகேடு வெளியே வந்து, 2014-ல் உயர் நீதிமன்றமே விசாரிக்க ஆள் போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அரிட்டாபட்டி மலைகள் தப்பித்து நிற்கின்றன.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, இராசாளிக் கழுகு மூன்றும் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. அலங்கு, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு. வல்லூறும் கழுகும் நமக்கு என்ன என்று கேட்டால், வயலில் எலியைப் பிடிப்பது யார் என்று கேளுங்கள்.

இப்படி அறிவித்தால் முதலில் நமக்கு வருவது பயம்தான். ஆடு மேய்க்க விடுவார்களா? விறகு பொறுக்க விடுவார்களா? சாமி கும்பிடப் பாஸ் வாங்கணுமா? நியாயமான கேள்விகள். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது வனத்துறையின் சரணாலயம் மாதிரி இல்லை. ஊர் மக்களின் வழக்கமான பயன்பாட்டைத் தடுக்கக் கூடாது, ஊராரே விரும்பி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடுதான் செல்லும் என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் பக்கம் இப்படி ஒரு பேச்சு வந்தால் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரம்பரியத் தலம் என்று அறிவித்த பிறகு கவலை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2024 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்ட, நாயக்கர்பட்டி தொகுதி என்று 2015.51 ஹெக்டேர், கிட்டத்தட்ட 5,000 ஏக்கர், மத்திய அரசு ஏலம் விட்டு முடித்திருந்தது. டங்ஸ்டன் என்பது பழைய குண்டு பல்புக்குள் இருந்த கம்பி. இரும்பைத் துளைக்கும் கருவிக்கும் தேவைப்படுகிறது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரி கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த 5,000 ஏக்கருக்குள் அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது. கண்மாய், கோயில், வீடு, தோட்டம் எல்லாம் வரைபடத்தில் ஒரே கோட்டுக்குள்.

வேலை கிடைக்கும் என்ற பேச்சும் வந்தது. வேலை வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாம். சுரங்கம் சில பேருக்குச் சில வருசம் கூலி தரும். பாறை போனால் 72 கண்மாயின் கதி? எந்த வரவை எந்தச் செலவுக்கு எதிரே எழுதுவது?

மேலூர்ப் பகுதி மக்கள் கணக்கைத் தெளிவாகவே போட்டார்கள். கிராம சபைகளில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏலம் ரத்தானபோது காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் ஒன்று. காகிதம் மட்டும் இருந்து ஏலத்தைத் தடுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் ரோட்டுக்கு வந்தபோது கையில் காட்ட அந்தக் காகிதம் இருந்தது. காகிதமே இல்லாத குன்றுகள் மேலூர்ப் பக்கம் எத்தனையோ சத்தமில்லாமல் போயிருக்கின்றன.

நம் ஊரில் என்ன செய்யலாம்

2002-ஆம் வருசத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன மூலிகை, என்ன நெல், என்ன பறவை, எந்த நீர்நிலை என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதி வைக்க வேண்டும். பல ஊரில் இந்தக் குழு பேருக்குத்தான் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை நடக்கும். அன்றைக்குப் போய், "நம்ம ஊர்ப் பதிவேடு எங்கே? யார் எழுதினது? எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்று ஊக்குநர், பிரதிநிதி இரண்டு பேரும் எழுந்து கேளுங்கள்.

அடுத்த குழுக்கூட்டத்தில் சேமிப்புப் பணம் எழுதி முடித்தபின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்க் கண்மாய், ஊரணி, சுனை, ஓடை, பாறை எல்லாவற்றுக்கும் பேர் உண்டு. அந்தப் பேர்கள் வயசான அம்மாக்களுக்குத்தான் தெரியும். பாட்டி சொல்லட்டும், படித்த பேத்தி எழுதட்டும். எந்தப் பாறையில் பெய்யும் மழை எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பிரதியைத் தீர்மான நோட்டில் ஒட்டிவிட்டு, இன்னொன்றை மாதக் கடைசிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். வந்தவற்றை இதழில் வெளியிடுகிறோம்.

அரிட்டாபட்டிக்குப் போகிறவர்கள் காலையில் வெயிலுக்கு முன்னால் போங்கள். குடிதண்ணி கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையைச் சுனையில் போட வேண்டாம். கல்வெட்டில் சுண்ணாம்போ பவுடரோ தடவி எழுத்தைப் படிக்கப் பார்க்காதீர்கள். காலைச் சாய்வெயில் படும்போது எழுத்து தானாகவே நிழல்கட்டித் தெரியும்.