பலகை ஒன்று, எழுதுபவர் பலர்: மின்னணுப் பலகையுடன் கைக்கணினி இணைந்த விதம்

கூட்ட அரங்கில் தொடுதிரைப் பலகை இருந்தாலும், அதன் முன் நிற்பவரே எழுதுகிறார். ஏனையோர் பார்வையாளர்களாகவே அமர்ந்திருக்கின்றனர். சோனி ஆய்வகத்தின் ஜுன் ரெக்கிமோட்டோ 1998-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி காட்டினார். பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைக்கணினி. வண்ணத் தேர்வு, தட்டெழுத்து எல்லாம் அதில்தான். எழுதியதைப் பேனா முனையால் தொட்டெடுத்துப் பலகையில் இடலாம். உண்மையில் பேனாவுக்குள் தரவு ஏதும் இல்லை. அதன் அடையாள எண்ணைக் கொண்டு வலையமைப்பே தரவைக் கொண்டு சேர்க்கிறது.

அரைகுறைக் குறிப்பு பிறர் கண்ணில் படாது என்பதால், தயங்குபவரும் எழுதத் துணிவார். எனினும் இத்தகைய வசதிகளின் ஆயுள், அவற்றை இயக்கும் சேவையைப் பொறுத்தது. கைப்பேசியிலிருந்தும் எழுத வழிசெய்த கூகுளின் ஜாம்போர்டு 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது.