77 நாடுகளும் எங்கள் கடலும்
பருத்தித்துறையிலிருந்து கிழக்கே வங்கக் கடலுக்குப் படகை விடும் கடற்றொழிலாளர் அறிந்ததுதான் பொருளாதார வலயம். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் கனிமமும் கரையோர நாட்டுக்கே உரியவை. அயல்நாடு கிட்ட இருந்தால் நடுவே எல்லை வகுக்கப்படும். இந்த உரிமையை வரைந்த ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு, 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க.

அங்கே வளர்முக நாடுகள் '77 நாடுகள் குழு'வாகத் திரண்டன. 1964இல் ஜெனீவாவில் உருவான அக்குழுவில் இலங்கையும் தொடக்க உறுப்பினர். ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா எனத் தனித்தனியே கூடுவார்கள். பிறகு ஒன்றாகக் கூடி, பிணக்குகளை உள்ளேயே பேசி முடிப்பார்கள். சபையில் எல்லோருக்குமாக ஒருவர் பேசுவார். தலைமை ஆண்டுதோறும் கண்டம் மாறும்.

எல்லாம் இலகுவாக நடந்துவிடவில்லை. கடலே இல்லாத நேபாளம் போன்ற நாடுகளும் நீண்ட கரையுள்ள நாடுகளும் 200 மைல் விடயத்தில் கடுமையாக முரண்பட்டன. ஆனால், ஆழ்கடலடிக் கனிமம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பதில் குழு அசையவில்லை. வல்லரசுகளுக்கு முன்னால் சின்ன நாடுகளுக்கு இருந்த பெரும் பலம் அந்த ஒற்றுமைதான்.

1982இல் கைச்சாத்தான கடற்சட்ட உடன்படிக்கை 1994இல் நடைமுறைக்கு வந்தது. குழுவில் இன்று 130க்கும் அதிகமான நாடுகள் இருக்கின்றன.