கரும்புப் பாரம் இழுக்கும் புதிய டிராக்டரில் ஆரம்பக் கோளாறுகளை அறியும் முறை

புதிதாக வாங்கிய டிராக்டரில் கோளாறு உண்டாகாதென்று குடியானவர் பலர் எண்ணுவது இயல்பே. ஆயினும் முதல் 50 மணி நேர வேலையே யந்திரத்திற்குப் பரீட்சைக் காலமாகும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு உராய்ந்து படிவதும், புதிய பெல்ட்டுகள் நீண்டு தளர்வதும், நட்டுகள் இளகுவதும் அப்பொழுதே. அரவைப் பருவத்தில் வாங்கிய டிராக்டரை மறுநாளே முழுப்பாரக் கரும்பு டிரெய்லரில் பூட்டுவோர் இக்குறிகளைக் கவனிக்க அவகாசமின்றிப் போகின்றனர். கிளட்ச் எரிந்தபின் அது உபயோகித்தவர் தவறென்று உத்தரவாதம் மறுக்கப்படலாம். கடன் தவணையோ நில்லாது.

முதலாவது கவனிக்க வேண்டியது சப்தம். டிராக்டரை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினை ஓட்டிக்கொண்டே கிளட்ச் மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். சப்தம் மாறாதிருந்தால் எஞ்சினிலும், அழுத்தியதும் நின்றால் கியர்ப் பெட்டியிலும், அழுத்தும்போது மட்டும் எழுந்தால் கிளட்ச் பேரிங்கிலும் பெரும்பாலும் குறை இருக்கும். பின்னர் டிரெய்லர் இன்றியும், அதைப் பூட்டியும் ஒரே பாதையில் ஓட்டி ஒப்பிடுக. டிரெய்லருடன் மட்டும், அதிலும் இறக்கத்தில், தட்டுமாயின் இணைப்புக் கொக்கியும் பின்னும் தேய்ந்தோ தளர்ந்தோ உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது புகை. பாரமேற்றியவுடன் கரும்புகை தொடர்ந்து வருமாயின் பாரம் மிகுதி, அல்லது ஏர் கிளீனர் அடைபட்டுக் காற்றுக் குறைகிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். புதிய எஞ்சினில் சிறிதளவு தோன்றி நாளடைவில் மறைவது உண்டு. அதிகரிக்குமாயின் அது பழுதே. ஆலை முற்றத்தில் வரிசையில் நிற்கையில் மணிக்கணக்காய் எஞ்சினை வீணே ஓடவிடுவதும் வளையங்கள் படிவதைக் கெடுக்கும். ஆகையால் முதல் நாட்களில் மிதமான பாரமே தக்கது. முழுப்பாரமும் தீது, வெறும் ஓட்டமும் தீது.

மூன்றாவது உஷ்ணம். உஷ்ணமானியின் முள் ஏறினால் கரும்புச் சோகையும் தூசியும் ரேடியேட்டரின் முகப்பை அடைத்துள்ளனவா, பேன் பெல்ட் தளர்ந்துள்ளதா, நீர் குறைந்துள்ளதா என்று முறையே நோக்குக. சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

நான்காவது கிளட்ச். மேட்டில் எஞ்சினின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாமல், கருகல் நாற்றமும் வருமாயின் கிளட்ச் வழுக்குகிறது. மிதியில் விளையாட்டு இடைவெளி கைப்புத்தகத்திற் கூறிய அளவு இல்லாமையும், ஓட்டுபவர் எந்நேரமும் மிதிமேற் கால் வைத்திருப்பதும் இதற்கு முக்கியக் காரணங்களாம்.

ஐந்தாவது பிரேக்கும் சக்கரங்களும். சாலையில் இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டியே செல்ல வேண்டும். அவ்வாறு மிதித்தும் வண்டி ஒருபுறம் இழுத்தால் உடனே சரி செய்விக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாதவிடத்து, பாரம் முழுவதும் டிராக்டரின் பிரேக்கையே நம்பியிருக்கிறது. இறக்கத்தில் இது உயிர்ச்சேதமாய் முடியக்கூடும். நடை முடிந்தவுடன் சக்கரக் குடங்களின் அருகே கை காட்டிப் பார்த்து, ஒன்று மட்டும் மிகுந்த சூடாயிருந்தால் அதன் பேரிங்கையோ பிரேக்கையோ பரிசோதிக்கவும். சக்கர நட்டுகளை முதல் சில நாட்களில் தினந்தோறும் இறுக்குவது அவசியம்.

எண்ணெய் அழுத்த விளக்கு எரிதல், எண்ணெய் பால்போல் வெளுத்திருத்தல், எஞ்சினில் திடீரென்று பலத்த தட்டுச் சப்தம் எழுதல் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும், ஆலை அருகில் இருப்பினும் எஞ்சினை உடனே நிறுத்தி வண்டியை நிற்கவிட வேண்டும்.

குறி தோன்றிய தேதி, மணிமானியின் எண், பாரத்தின் அளவு ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, உத்தரவாதக் காலத்தில் வெளி மெக்கானிக்கைக் கொண்டு எதையும் பிரிக்காமல், விற்ற இடத்தாரிடமே காட்டுக. தேதியுடன் எழுதிய குறிப்பு பழுதைக் கண்டுபிடிக்கவும், உரிமையைக் கேட்டுப் பெறவும் ஒருங்கே உதவும்.