கான் அடைபட்ட கால்

லிந்துலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு இடது கால் மட்டும் இரண்டு வருஷமாக வீக்கம். யானைக்காலா என்று லயத்தில் பயமுறுத்துகிறார்களாம். பெரியாஸ்பத்திரியிலோ நிணநீர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அது வலிக்குமா என்பது அவர் கேள்வி.

யானைக்கால் இலங்கையில் மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில் இருந்த நோய். நுவரெலியா அதில் சேராது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நாடு மீண்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அம்மா முன்பு கொழும்பில் வீட்டு வேலை செய்திருந்தால் அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறவிக் குறை, புற்றுநோய் அறுவை, அடிக்கடி வரும் தோல் அழற்சி என நிணநீர் தேங்க வேறு காரணங்களும் உண்டு.

என் அப்பா தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டியவர். மண்மூடிய கான் மேலேயிருந்து தெரியாது. மழை விட்ட பிறகும் கீழ் நிரை ஊறிக் கிடக்கும். அப்பா மேலே ஒரு பிடி சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, வெள்ளை எங்கே வருகிறதென்று கீழே காத்திருப்பார். நிணநீர் ஸ்கேனும் அதேதான். கால்விரல் இடுக்கில் டெக்னீசியம் கலந்த ஒரு சொட்டு மருந்தை ஊசியால் வைப்பார்கள். சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். இரண்டு காலுக்கும் வைத்து, கொஞ்சம் நடக்கச் சொல்வார்கள். கெண்டைச் சதை அசைந்தால்தான் நிணநீர் மேலேறும். காமா கேமரா எக்ஸ்ரேபோல உடம்புக்குள் கதிர் பாய்ச்சாது. உள்ளிருந்து வருவதை வாங்கிப் படமாக்கும். நல்ல காலில் மருந்து கோடாக ஏறி ஒரு மணி நேரத்துக்குள் தொடை இடுக்குக் கணுக்களில் தெரியும். அடைபட்ட காலில் தோலுக்கடியில் பனிமூட்டம்போலப் பரவி நிற்கும்.

டெக்னீசியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். 1937இல் இத்தாலியின் பலேர்மோவில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழைய உலோகத் துண்டில் அதைக் கண்டுபிடித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. மருத்துவத்துக்கு எடுக்கும் வகையின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பறித்த கொழுந்தைப்போல அன்றன்றைக்கே பயன்படுத்த வேண்டும்.

இப்படி ஒரு வழி இருக்கும்போது, மந்திரித்த கயிறு கட்டியும் நீர் பிரியும் குளிசை விழுங்கியும் வருஷங்களைத் தொலைக்கிறோம். அந்தக் குளிசை நிணநீர் அடைப்பைத் திறக்காது. ஒற்றைக் கால் வீக்கத்துக்கு வலிக் குளிசை கொடுத்து மலைக்கு அனுப்புவதும் கொடுமை. இரத்தக்கட்டிகூட அப்படித்தான் வீங்கும். அதற்கு முதலில் டாப்ளர் ஸ்கேன் வேண்டும்.

இன்றிரவே அம்மாவின் இரண்டாம் கால்விரல் தொடங்கும் இடத்தில், மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். எழும்பாவிட்டால் நிணநீர் வீக்கமாக இருக்கலாம். எழும்பினாலும் ஸ்கேனுக்குப் போகத்தான் வேண்டும். பேராதனை போன்ற தூரத்து ஊர்களில்தான் அந்தக் கேமரா இருக்கிறது. ஒருநாள் பேர், அதாவது சம்பளம், போகும். தோல் அழற்சி வராதிருக்க அட்டைக் கடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.