எல்லை அறியாத புழுதி

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈராக் நாட்டின் வானம் செம்மஞ்சள் நிறம் பூண்டது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஒரு மாத காலத்திற்குள் குறைந்தது எட்டுப் புழுதிப் புயல்கள் அந்நாட்டைத் தாக்கின. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. பாக்தாத் விமான நிலையம் செயலற்றது. மூச்சுத் திணறலால் மருத்துவமனைகளை நாடியோர் பல்லாயிரவர். அப்புழுதி ஈராக்கோடு நிற்கவில்லை. குவைத்திலும் விமானங்கள் தடைப்பட்டன. நம் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்நாட்டில் வெட்டவெளியில் உழைக்கின்றனர். ஆகவே இதனை அயலார் துன்பமென நாம் ஒதுக்கிவிட இயலாது.

பாலைநிலத்தில் புழுதி எழுவது புதுமையன்று. கோடைதோறும் வடமேற்கிலிருந்து வீசும் 'ஷமால்' காற்றை அம்மக்கள் தொன்றுதொட்டு அறிவர். ஆயின் காற்று மட்டும் புயலை உண்டாக்குவதில்லை. ஈரமும் செடி கொடிகளும் மண்ணைப் பிணைத்து வைக்கின்றன. வறண்ட நிலத்திலும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஓடு படிந்து மண்ணைக் காக்கிறது. இவை அழிந்தால் மணற்பருக்கைகள் துள்ளி மோதி நுண்துகள்களை மேலே எழுப்புகின்றன. பருமணல் அருகிலேயே விழுந்துவிடும். நுண்துகளோ நூற்றுக்கணக்கான கல் தொலைவு பறந்து எல்லைகளைக் கடக்கும்.

அக்காப்பு அழிந்ததற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, நீர்ப்பங்கீடு. டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆகிய இரு நதிகளும் துருக்கி நாட்டில் பிறப்பவை. 1990-இல் அதாதுர்க் அணையை நிரப்புதற்காக யூப்ரடிஸ் நதி ஒரு மாதம் தடுத்து நிறுத்தப்பட்டது. டைகிரிஸ் மீதெழுந்த இலிசு அணை 2019-இல் நிரம்பத் தொடங்கியது. சிரியாவும் ஈரானும் தம் பங்குக்கு அணைகள் கட்டின. நீர் குன்றியதால் உழவர் கைவிட்ட வயல்கள் தரிசாகிப் புழுதிக்களமாயின.

இரண்டாவது, தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களின் அழிவு. 1991-இல் எழுந்த கிளர்ச்சிக்குப்பின், அங்கு வாழ்ந்த மக்களைப் பணியவைக்க சதாம் உசேனின் அரசு வாய்க்கால்களும் கரைகளும் அமைத்து நீரை வடித்தது. பத்தாண்டுகளில் அந்நிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு வறண்டது.

மூன்றாவது, போர். படைவண்டிகள் பாலையின் மேலோட்டை நொறுக்கின. அளவு மீறிய மேய்ச்சல் எஞ்சிய புல்லையும் தின்றது. இவற்றுக்கு மேலாக, உயரும் வெப்பமும் தொடரும் வறட்சியும் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுகின்றன.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2003-இல் அவ்வரசு வீழ்ந்ததும் சதுப்புநில மக்கள் தாமே கரைகளை உடைத்தனர். நீர் திரும்பியது, நாணலும் மீண்டும் தழைத்தது. பின்வந்த வறட்சிகளால் அந்நிலம் மறுபடியும் சுருங்கியதும் உண்மையே. மேல்நாட்டார் நீர் விடாது கீழ்நாட்டார் மட்டும் முயன்று பயனில்லை என்பதை இது காட்டுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2025 முதல் 2034 வரையுள்ள பத்தாண்டுகளை மணற்புயல், புழுதிப்புயல் தடுப்புக்கென ஒதுக்கியுள்ளது. அறிவிப்பு மட்டும் போதாது. ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் மனமும் வேண்டும்.

மேட்டில் வாழ்வோன் அடைக்கும் மடை, பள்ளத்தில் வாழும் குழந்தையின் மூச்சை அடைக்கிறது. தண்ணீருக்கு எல்லை வகுக்க நாடுகள் அறிந்துள்ளன. புழுதிக்கு எல்லை வகுக்க எவராலும் இயலவில்லை.