கொழும்பின் கிரிக்கெட் மைதானங்கள்: ஒரு வியாபாரியின் கணக்கு

கடை திறக்க நினைப்பவர் முதலில் மூன்று விடயங்களைப் பார்ப்பார். காணியின் பெறுமதி என்ன? வருடத்தில் எத்தனை நாள் வியாபாரம் நடக்கும்? சனம் எந்த வழியால் வந்து போகும்? விளையாட்டு மைதானம் ஒன்றுக்கும் இந்த மூன்று கேள்விகளையே கேட்க வேண்டும் என்பது எனது எண்ணம். கொழும்பு மாநகரின் கிரிக்கெட் மைதானங்களின் வரலாறு இதற்கு நல்லதொரு பாடம்.

துறைமுகம் கொண்டுவந்த விளையாட்டு

கொழும்பில் கிரிக்கெட் வளர்ந்ததற்குத் துறைமுகமும் ஒரு காரணம். கொழும்பு கிரிக்கெட் கிளப் 1863 ஆம் ஆண்டிலும், மலாயர்களின் கிரிக்கெட் கழகம் 1872 ஆம் ஆண்டிலும் ஆரம்பிக்கப்பட்டன. கொம்பனித்தெருவில் ஜாலான் பாடாங் என்ற வீதிப் பெயர் இன்றும் இருக்கிறது. பாடாங் என்றால் மலாய் மொழியில் திறந்த வெளி, திடல் என்று பொருள்.

இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் கொழும்பில் தரித்து நிற்கும். அந்த இடைவெளியில் வீரர்கள் கரைக்கு வந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள். 1882 இல் ஐவோ பிளை தலைமையிலான இங்கிலாந்து அணி இப்படித்தான் வந்தது. டொன் பிரட்மன் 1930 இலும் 1948 இலும் இங்கு ஆடியதும் கப்பல் பயணத்தின் நடுவில்தான். தரித்து நிற்கும் கப்பலை வைத்து ஒரு நாள் வருமானம் தேடும் வித்தையைத் துறைமுக நகரம் ஒன்றுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கழகங்களும் காணிகளும்

அடுத்து வந்தது கழகங்களின் காலம். நொன்டெஸ்கிரிப்ட்ஸ் 1888, பறங்கியர் கழகம் 1896, சிங்களவர் கழகமான எஸ்.எஸ்.ஸி.யும் தமிழ் யூனியனும் 1899, எமது மூர்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் 1908 என்று ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு கழகத்தையும், காலப்போக்கில் ஒரு திடலையும் தேடிக்கொண்டது. மூர்ஸ் கழகத்தின் மைதானம் கொழும்பு 2 இல் பிரேபுறூக் பிளேஸில் உள்ளது. இன்று அந்தச் சுற்றாடலில் காணி என்ன விலை போகிறது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தமிழ் யூனியனின் ஓவல் மைதானம் வனாத்தமுல்லையின் சதுப்பு நிலத்தில் 1945 இல் உருவானது. அதற்குப் பாடுபட்டவர் பி. சரவணமுத்து. 1977 இல் மைதானத்துக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது. இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரியில் அங்குதான் நடந்தது. 1985 இல் இந்தியாவுக்கு எதிராக இலங்கை தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்குதான். எஸ்.எஸ்.ஸி. கழகம் 1952 இல் மெய்ட்லண்ட் பிளேஸுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் விமானத் தளமாகப் பாவித்த நிலம் அது.

இந்தக் கழகங்களின் கணக்கு எளிமையானது. அங்கத்தவர் சந்தா, பயிற்சி, பாடசாலை ஆட்டங்கள், கழக ஆட்டங்கள் என்று திடல் ஓய்வின்றி வேலை செய்கிறது. சர்வதேசப் போட்டி வந்தால் அது மேலதிக வருமானம். வராவிட்டாலும் கதவு மூடப்படுவதில்லை.

அரசாங்கம் கட்டிய அரங்கம்

இந்த வழக்கத்துக்கு மாறானது மாளிகாவத்தையின் கெத்தாராம அரங்கம். ரணசிங்க பிரேமதாச பிரதமராக இருந்தபோது சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டப்பட்டு, 1986 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 35,000 பேர் அமரலாம். பின்னர் பிரேமதாசவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1997 இல் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்ததும் இங்குதான்.

பெரிய அரங்கத்துக்குப் பெரிய ஆபத்தும் உண்டு. 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கிக் கட்டடம் குண்டுவெடிப்பில் சிதைந்ததைத் தொடர்ந்து, அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டங்களுக்காகக் கொழும்புக்கு வர மறுத்தன. இலங்கை அணிக்குப் புள்ளிகள் கிடைத்தன. ஆனால் ஆட்ட நாளை நம்பியிருந்த சிறு வியாபாரிக்கு யாரும் புள்ளி கொடுக்கவில்லை. இந்தியா, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து கெத்தாராமவில் வந்து ஆடியது அப்போது பெரும் ஆறுதலாக இருந்தது.

மாளிகாவத்தையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்ன கணக்கு இது: "மெச் நாளில் சனம் வந்தால் யாவாரம்தான். ஆனால் ரோட்டை மூடிவிட்டால் வழமையாக வாரவங்களும் வரமாட்டாங்க. மழை பெய்தால் போட்ட மாவும் நட்டம்." மழையைப் பற்றி அவர் சொன்னது மிகையல்ல. 2025 மகளிர் உலகக் கிண்ணத்தின்போது கொழும்பில் பல ஆட்டங்கள் மழையால் கைவிடப்பட்டன. 2023 ஆசியக் கிண்ணத்தில் மைதானம் முழுவதையும் மூடித் திறந்து களைத்த ஊழியர்களுக்காக 50,000 டொலர் அறிவிக்கப்பட்டது. இறுதி ஆட்டத்தின் நாயகன் சிராஜும் தனது பரிசுப் பணத்தை அவர்களுக்கே கொடுத்தார். அரங்கத்தின் இலாபத்துக்கு உழைப்பவர்கள் யார் என்பதை அன்று உலகமே கண்டது.

கடனில் எழும் சுவர்கள்

2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டையில் சூரியவெவ அரங்கம் புதிதாகக் கட்டப்பட்டது. பிரேமதாச, பல்லேகல அரங்கங்களிலும் பெரும் வேலைகள் நடந்தன. போட்டி முடிந்தபோது கிரிக்கெட் நிறுவனம் கடனில் நின்றது. வீரர்களின் கொடுப்பனவுகள்கூட மாதக்கணக்கில் தாமதமாகின. இருந்தும் 2020 மே மாதத்தில் ஹோமாகம தியகமவில் 60,000 ஆசனங்களுடன் இன்னோர் அரங்கம் என்ற யோசனை வந்தது. இருக்கும் மைதானங்களிலேயே போதிய ஆட்டங்கள் நடப்பதில்லையே என்று மஹேல ஜயவர்தன பகிரங்கமாகக் கேட்டார். யோசனை கைவிடப்பட்டது. அதே தியகமவில் ஜப்பானின் உதவியுடன் அமைந்த, நாட்டின் முதலாவது பேஸ்போல் மைதானம் இருக்கிறது. ஆடுவோரின் தொகைக்கு ஏற்ற அளவில் ஒரு திடல்.

எங்கள் பக்கத்துக் கதை

முன்னேஸ்வரத்தில் இருந்து இதை எழுதும் எனக்கு இந்தக் கணக்கு வேறொரு விதத்திலும் விளங்குகிறது. இங்குள்ள கோயில் திருவிழா ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும். பெட்டிக்கடை, வளையல், பாய், தின்பண்டம் என்று எல்லாச் சமூகத்தவரும் வியாபாரம் செய்வார்கள். வீதி திறந்திருக்கும், சனம் நடந்து வரும். அதனால் பணம் ஊருக்குள் தங்குகிறது. அரங்கத்திலோ பெரும்பணம் தொலைக்காட்சி உரிமையில் இருக்கிறது. அது சுற்றுமதிலைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்கு வருவதில்லை.

எமது ஊரின் பெயரைச் சுமந்து முதல்தரப் போட்டிகளில் ஆடிவந்திருக்கிறது சிலாபம் மேரியன்ஸ் கழகம். ஆனால் அதன் ஆட்டத்தைப் பார்க்க நாம் கட்டுநாயக்கவுக்கோ கொழும்புக்கோ பஸ் ஏற வேண்டும். பெயர் இங்கே, திடல் அங்கே. தேநீர், சாப்பாடு, முச்சக்கர வண்டி, தங்குமிடம் எல்லாவற்றின் வருமானமும் அங்கேயே.

தேர்தல் காலங்களில் சர்வதேச அரங்கம் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால், வருடத்தில் எத்தனை நாள் அதன் கதவு திறந்திருக்கும் என்று கேளுங்கள். நல்ல புற்தரை, ஒழுங்கான வடிகால், உடை மாற்ற ஓர் அறை, பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாலையில் திறந்துவிடும் ஒரு கதவு, இவ்வளவு இருந்தால் சிலாபத்துக்குப் போதும். கொழும்பின் கழகங்கள் நூறாண்டைக் கடந்து நிற்பது ஆசனங்களின் எண்ணிக்கையால் அல்ல. தினமும் யாராவது வந்து விளையாடுவதால்தான். முதலீட்டைத் தூங்க விடும் வியாபாரி நிலைப்பதில்லை. மைதானமும் அப்படித்தான்.